‘போய் நின்னோம்’ என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில், காலையில் மலைக்கு ஏறாமல் நூறு பேர் ஆபீசுக்கு முன்னால் நின்றால் மறுநாள் அது பல பெயர்களில் செய்தியாகும். தமிழ்ப் பத்திரிகையில் ‘பணிப்பகிஷ்கரிப்பு’ அல்லது ‘கவனயீர்ப்புப் போராட்டம்’. வானொலியில் ‘தோட்டத்தில் பதற்றநிலை’. ஆங்கிலத்தில் ‘லேபர் அன்ரெஸ்ட்’. அந்த ஆங்கிலச் செய்தியை ஒரு தமிழ் இணையத்தளம் எடுத்து மொழிபெயர்த்தால் ‘தோட்டத்தில் அமைதியின்மை’ என்று திரும்பி வரும். நின்றவர்களில் ஒருவரிடமே போய், “நேத்து என்ன நடந்துச்சு அக்கா?” என்று கேளுங்கள். இந்தச் சொற்களில் ஒன்றுகூட வராது. “தொரைகிட்ட கேக்கணும்னு ஆபீசுக்கு முன்னுக்குப் போய் நின்னோம்” என்பார்.

அவர் பெயர்ச்சொல் எதையும் பயன்படுத்தவில்லை. போனோம், நின்றோம், கேட்டோம். அவ்வளவுதான்.

இதை இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும்படி என்னை ஆக்கியவர் உக்ரேனியப் பெண்ணொருவர். சுயாதீன ஊடகவியலாளர்களுக்கான இணையவழிப் பயிற்சி ஒன்றில் அறிமுகமானோம். தோட்டப் பெண்கள் பற்றி நான் ஆங்கிலத்தில் எழுதியிருந்த ஒரு கட்டுரையைத் தன் மொழியில் தர விரும்புவதாகச் சொன்னார். 2021 மார்ச்சில் 1,000 ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்த பிறகு, பல தோட்டங்களில் ஒரு நாளுக்குப் பறிக்கவேண்டிய கொழுந்தின் கிலோ கூட்டப்பட்டது. கிலோ குறைந்தால் அரைப்பேர். அதாவது நாள் முழுக்க மலையில் நின்றாலும் பாதி நாள் சம்பளம். அதைக் கேட்கப் போய் நின்றவர்களைப் பற்றியது கட்டுரை. நான் எழுதிக் கொடுத்ததில் ‘அலுவலகத்தின் முன் நின்றார்கள்’ என்று இருந்தது. அதை வெளியிட்ட ஆங்கில ஆசிரியபீடம் ‘அன்ரெஸ்ட்’ என்று மாற்றி, தலைப்பிலும் போட்டுவிட்டது.

மொழிபெயர்ப்பாளரின் முதல் கேள்வியே அந்தச் சொல்லைப் பற்றித்தான். அதை உறுப்புப் பிரித்து அப்படியே உக்ரேனியத்தில் வைத்தால் ‘நெஸ்போகிய்’ என்று வருமாம். நமது ‘அமைதியின்மை’ போலவே, அமைதி என்பதற்கு முன்னால் ஓர் ‘இல்லை’. ஆனால் உக்ரேனியத்தில் அது மனக்கலக்கம், இருப்புக்கொள்ளாமை. “இது இரவில் தூங்காமல் பிள்ளையை நினைத்துக்கொண்டிருக்கும் தாய்க்குரிய சொல். நூறு பேர் ஓர் அலுவலகத்தின் முன் நிற்பதற்கு இதை வைத்தால் எங்கள் வாசகர்களுக்கு விளங்காது. இவர்கள் தங்கள் மொழியில் என்ன சொன்னார்கள்?” என்று கேட்டார்.

ஊடகக் கற்கைகளில் பட்டம் பெற்றவள் நான். செய்தி மொழி எப்படி ஒரு நிகழ்வைச் சட்டகத்துக்குள் அடக்குகிறது என்று பரீட்சைக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆயினும், ‘அவர்கள் என்ன சொன்னார்கள்?’ என்ற இந்தச் சாதாரணக் கேள்வியை எந்தச் செய்தி ஆசிரியரும் என்னிடம் கேட்டதில்லை.

‘ஸ்ட்ரைக்’கில் சிக்கலே வரவில்லை. லயத்தில் எல்லோரும் சொல்வது ஸ்ட்ரைக்தான். ‘வேலைநிறுத்தம்’ மேடையில் வரும், ‘பணிப்பகிஷ்கரிப்பு’ பத்திரிகையில் வரும். உக்ரேனியத்திலும் அது ஸ்ட்ரைக்தான், உச்சரிப்பும் கிட்டத்தட்ட அதேதான். பக்கத்து மொழியான ரஷ்யத்தில் முற்றிலும் வேறு சொல். 1768இல் இலண்டன் துறைமுகத்தில் மாலுமிகள் கூலி கேட்டுக் கப்பல்களின் பாய்களை இறக்கிப்போட்டார்கள். பாயை இறக்குவதற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரைக்’. அந்தக் கூலிக்காரர்களின் சொல் ஒரு பக்கம் கிழக்கு ஐரோப்பாவுக்கும் இன்னொரு பக்கம் நமது தோட்டங்களுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. உடலால் செய்த ஒரு வேலையிலிருந்து பிறந்த சொல் என்பதாலோ என்னவோ, பயணத்தில் அது தேயவில்லை.

தேய்ந்தது ‘பப்ளிக் அவுட்கிரை’. ‘பப்ளிக் அவுட்கிரை காரணமாக அரசாங்கம் முடிவை மாற்றியது’ என்று ஆங்கிலப் பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறோம். ‘அவுட்’ என்றால் வெளியே, ‘கிரை’ என்றால் கத்துவது. வெளியில் வந்து கத்துவது. இதைத் தமிழில் என்ன செய்கிறோம்? ‘பொதுமக்கள் விசனம்’. நமது இலங்கைச் செய்தித் தமிழில் விசனத்துக்குக் குறைவே இல்லை. பாலம் உடைந்தால் மக்கள் விசனம், லயம் எரிந்தால் மக்கள் விசனம், சம்பளம் கிடைக்காவிட்டால் தொழிலாளர் விசனம். விசனம் என்றால் துக்கம். வெளியே வந்து கத்தியவர்களை வீட்டுக்குள் கொண்டுபோய் உட்காரவைத்து அழவிடுகிறது இந்த மொழிபெயர்ப்பு. ‘கவனயீர்ப்பு’ அதைவிடப் பரவாயில்லை என்றாலும், யாருடைய கவனம் என்று அது சொல்வதில்லை. துரை ஜன்னலால் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்?

உக்ரேனியத்தில் ‘க்வால்ட்’ என்றொரு சொல் இருக்கிறதாம். ஜெர்மன் மொழியில் வன்முறையைக் குறிக்கும் சொல், போலந்து வழியாக வந்து உக்ரேனியரிடம் கூக்குரலாக மாறிவிட்டது. யாராவது உன்னை அடித்தால் நீ ‘க்வால்ட்!’ என்று கத்துவாய், அக்கம்பக்கம் ஓடிவரும். அடிக்கும் அடியும் அதற்கெதிரான அலறலும் ஒரே சொல்லுக்குள். ஆனால் அது கொஞ்சம் கிராமத்துச் சொல், நகைச்சுவையாகவும் பயன்படும் என்பதால் கட்டுரையில் அவர் அதைப் போடவில்லை. எனக்கு வருத்தம்தான்.

அவுட்கிரைக்கு இன்னொரு பொருளும் உண்டு. பழைய ஆங்கிலச் சட்டநடையில் ‘பப்ளிக் அவுட்கிரை’ என்றால் பகிரங்க ஏலம். விலையைக் கூவிக் கேட்பதால் அந்தப் பெயர். 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம், கொரோனா வந்து 2020 ஏப்ரலில் இணையத்துக்கு மாறும்வரை இந்த முறையில்தான் நடந்தது. பொகவந்தலாவைத் தேயிலையும் கொழும்பில் கூவித்தான் விற்கப்பட்டது. அந்தக் கூவலை யாரும் அமைதியின்மை என்று எழுதியதில்லை. கொழுந்துக்குக் கூலி கேட்டு எழுந்த குரலுக்குத்தான் அந்தப் பெயர்.

வேறு பெயர்களும் இருந்தன. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் ஸ்ட்ரைக் நடந்தபோது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்துப்போனார். மலையகத்தில் அவரைத் தியாகி என்கிறோம். ஆங்கில வரலாற்று நூல்களில் அது ‘முல்லோயா இன்சிடென்ட்’, அதாவது முல்லோயாச் சம்பவம். ‘சம்பவம்’ என்ற சொல்லில் சுட்டவர் கிடையாது, செத்தவர் கிடையாது, ஸ்ட்ரைக்கும் கிடையாது. 1977 மே 11இல் தலவாக்கலை டெவன் தோட்டத்தில் காணி பறிபோவதை எதிர்த்து எழுந்தவர்களில் சிவனு லெட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பெயரைச் சொல்லி ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். எந்த ஆங்கிலச் சொல்லாலும் அதைச் சம்பவமாக்கிவிட முடியாதது அந்தப் பெயரால்தான் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஆட்களும் பெயர் விளையாட்டுக்குச் சளைத்தவர்கள் இல்லை. 1986 ஜனவரியில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் நடத்தியது ஸ்ட்ரைக் இல்லை, ‘பிரார்த்தனை’. தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் அப்போது ஜே.ஆர். அமைச்சரவையில் அமைச்சர். அமைச்சரின் சங்கம் வேலைநிறுத்தம் செய்வது எப்படி? எனவே காலைநேரத்தில் தொழிலாளர்கள் மலைக்குப் போகாமல் பிரார்த்தனை செய்தார்கள். நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வேண்டும் என்பது பிரார்த்தனையின் பொருள். அதே ஆண்டு அதற்கான சட்டமும் வந்தது. சாமி கும்பிடுவதை அமைதியின்மை என்று எழுத எந்தப் பத்திரிகையாலும் முடியவில்லை. இதை மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, 2013 டிசம்பரில் கீவ் நகரில் சதுக்கத்தைப் படையினர் சூழ்ந்த இரவில், மிக்கேல் மடாலயத்தின் மணிகள் விடாமல் அடித்ததையும் அந்தச் சத்தம் கேட்டு நகரத்தார் எழுந்து வந்ததையும் சொன்னார். எனக்கு ஞாபகம் வந்தது தோட்டத்துத் தப்பு. விடியலில் பெரட்டுக்கு எழுப்பியதும் தப்புதான், ஊர்வலத்துக்கு முன்னால் போனதும் தப்புதான்.

அந்தச் சதுக்கத்தின் பெயர் ‘மைதான்’. நமது மைதானமேதான். அரபு, பாரசீகம் வழியாக ஒரு கிளை துருக்கிய மொழிகளால் உக்ரேனுக்கும், மற்றொரு கிளை உருது வழியாகத் தமிழுக்கும் வந்திருக்கிறது. 2013 நவம்பர் முதல் 2014 பெப்ரவரி வரை அங்கே நடந்ததற்குப் பிறகு, உக்ரேனியத்தில் மைதான் என்றால் இடம் மட்டுமில்லை, மக்கள் எழுந்து நின்றதும் அதுதான். ஆங்கிலப் பத்திரிகைகள் அதை மொழிபெயர்க்காமலே எடுத்துக்கொண்டன. அதற்கு உள்ளூரில் இன்னொரு பெயரும் உண்டு. அதைத் தமிழில் சொன்னால் ‘மாண்பின் புரட்சி’. ஆனால் அன்றைய அரசின் ஏட்டில் பெயர் வேறு. உக்ரேனின் குற்றவியல் சட்டத்தில் 294ஆம் உறுப்புரை ‘ஸவொருஷென்னியா’ என்ற சொல்லை வைத்திருக்கிறது, பெருங்கூட்டக் கலகம் என்று பொருள். அந்தச் சொல் ஒட்டினால் சிறை. நமது தண்டனைச் சட்டக்கோவை 1883இலிருந்து இருக்கிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ, சட்டம் குறிப்பிடும் நோக்கங்களில் ஒன்றோடு கூடினால் ‘சட்டவிரோதக் கூட்டம்’. லயத்து இஸ்தோப்பில் மழைக்கு ஒதுங்கினாலே ஐந்து பேருக்கு மேல் இருப்பார்கள். ஆகவே எண்ணிக்கையில் பிரச்சினை வராது. நோக்கத்துக்கு என்ன பெயர் வைக்கப்படுகிறது என்பதில்தான் வரும்.

2022இல் காலிமுகத்திடலில் நடந்ததை எல்லோரும் ‘அரகலய’ என்றார்கள். போராட்டம் என்பதற்கான சிங்களச் சொல். ஆங்கிலமும் அப்படியே எடுத்துக்கொண்டது. தமிழ்ப் பத்திரிகைகளிலும் ‘போராட்டம்’ என்பதோடு ‘அரகலய’ என்ற சொல்லும் அப்படியே வந்தது. இது எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. கிளிநொச்சியில் ஒரு நண்பரிடம் கேட்டேன். “போராட்டம் எண்டா எங்கட ஆக்களுக்கு வேற ஒண்டு. அந்தச் சொல்லுக்குள்ள ஆக்கள் செத்திருக்கினம்” என்றார். ஒரு சொல்லை நாம் மொழிபெயர்க்காமல் விடுவதற்குச் சோம்பல் எப்போதும் காரணமில்லை. சில சொற்கள் ஏற்கெனவே நிரம்பியிருக்கின்றன. ஆனால் இதிலும் ஓர் இழப்பு இருக்கிறது. அதே காலிமுகத்திடலில் 2018 ஒக்டோபரில் மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் திரண்டு 1,000 ரூபா கேட்டார்கள். அதற்கு உலகம் எடுத்துக்கொள்ளும்படி ஒரு பெயர் வாய்க்கவில்லை. அரகலயவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அங்கிருந்து தொடங்குவதுமில்லை.

இனி, கட்டுரையில் ஒரே ஒரு வரியாக வந்து, எங்களிடையே மூன்று நாள் கடிதப் போக்குவரத்தை உண்டாக்கிய சொல்லுக்கு வருகிறேன். நான் பேசிய ஒரு பெண்ணின் பெரியப்பா குடும்பம் 1977இல் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போனது. அப்படிப் போனவர்கள் ஆயிரக்கணக்கில். 1977, 1981, 1983 என்று ஒவ்வொரு முறையும் அடிவாங்கி, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடுவெட்டிக் குடியேறி, 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போனவர்களின் கதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆங்கிலக் கட்டுரையில் அது ‘1977 ரயட்ஸ்’, ‘1983 ரயட்ஸ்’ என்று வந்தது. மொழிபெயர்ப்பாளர் கேட்டார்: “ரயட்ஸ் என்பதற்கு எங்களிடம் இரண்டு சொல். ஸவொருஷென்னியா என்றால் கூட்டம் கலகம் செய்தது, பெரும்பாலும் அரசுக்கு எதிராக. பொஹ்ரோம் என்றால் ஒரு கூட்டம் வேறோர் இனத்தாரின் வீட்டையும் கடையையும் தேடிப்போய் உடைத்து, எரித்து, கொன்றது, காவலர்கள் பார்த்துக்கொண்டு நிற்க. இதில் எது?”

பொஹ்ரோம் என்பது ஆங்கிலத்தில் ‘போக்ரொம்’ என்று நாம் படிக்கும் அதே சொல். ரஷ்யப் பேரரசில், இன்றைய உக்ரேன் மண்ணில், 1881இல் எலிசவெத்கிராத் நகரில் தொடங்கி ஊர் ஊராக யூதர்கள் தாக்கப்பட்டபோதுதான் ஆங்கிலப் பத்திரிகைகள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டன. தங்கள் நாட்டின் வெட்கமான ஒன்றுக்கு வைத்த பெயர் என்பதை அவரும் மறைக்கவில்லை.

நான் எழுதினேன். 1983இல் கூட்டத்தின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. ஊரடங்குச் சட்டம் தாமதமாக வந்தது. வெலிக்கடைச் சிறைக்குள் யூலை 25, 27 ஆகிய இரண்டு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். பதிலில் அவர் வேறெதுவும் கேட்கவில்லை. பொஹ்ரோம் என்று போட்டு அனுப்பினார்.

நாம் என்ன சொல்கிறோம்? ‘ஆடிக் கலவரம்’. ‘இனக்கலவரம்’. என் பாட்டி ‘கலவரத்துல ஓடியாந்தது’ என்றுதான் சொல்வார். கலவரம் என்றால் கலங்கிப்போன நிலை, இரண்டு பக்கமும் கைகலந்தது போலத் தொனிக்கும். ‘கறுப்பு யூலை’ நினைவுநாளுக்கு நல்ல பெயர், நடந்ததைச் சொல்லும் பெயராக இல்லை. ‘இனப்படுகொலை’ இப்போது எழுத்தில் அதிகம் வருகிறது, சட்டத்தில் அதற்குத் தனிப் பொருள் இருப்பதால் அந்த வாதம் வேறொரு தளத்தில் நடக்கிறது. ஒரு கூட்டம் அரசின் கண் முன்னால் இன்னொரு மக்களின் வீடு தேடிப் போவதற்கென்று தமிழில் ஒரு தனிச்சொல் இன்னும் நிலைக்கவில்லை. பாட்டி கலவரம் என்றதில் எனக்குக் குறையில்லை, அவர் ஓடிவந்தவர். செய்தியிலும் பாடநூலிலும் அதே சொல் இருப்பதில்தான் எனக்கு உறுத்தல்.

எழுத வேண்டிய சொல்லை எழுதினால் தண்டனை என்ற நிலை அவருக்கும் தெரிந்ததுதான். 2022 மார்ச்சில் ரஷ்யா கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகு, அங்கே போரைப் போர் என்று சொன்னதற்காகவே பலர் வழக்கைச் சந்தித்தார்கள். ‘விசேட இராணுவ நடவடிக்கை’ என்றுதான் சொல்லவேண்டும். 2009இல் இங்கே ‘மனிதாபிமான நடவடிக்கை’. இதைச் சொன்னதும் அவர் ஓர் ஒற்றைச் சொல்லில் பதில் போட்டார். அதை இங்கே எழுத முடியாது.

வினையாலணையும் பெயர் ஒன்றுக்காகக்கூட நம்மவர்கள் போராடியிருக்கிறார்கள். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் உட்கார்ந்த தாய்மார், ‘காணாமல் போனோர்’ என்று யாராவது சொன்னால் திருத்துவார்கள்: “போகேல்ல, ஆக்கப்பட்டவை.” அரசின் அலுவலகப் பெயரில் இன்றும் ஆங்கிலத்தில் ‘மிஸ்ஸிங்’தான். உக்ரேனியத்தில் போரில் காணாமல் போனோருக்கு ‘ஸ்னிக்லி பெஸ்விஸ்தி’ என்பார்களாம், தகவலின்றி மறைந்தவர்கள். கையால் கூட்டிச்சென்று இராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளைக்கு அது எப்படிப் பொருந்தும்? என் கட்டுரையில் வந்த அந்த வன்னிக் குடும்பத்து மகனுக்கு, அவர் ‘கொண்டுபோகப்பட்டவன்’ என்ற பொருளில் எழுதினார்.

கடைசியில் ‘அன்ரெஸ்ட்’ என்ன ஆனது என்று கேட்பீர்கள். நான் ஒலிப்பதிவிலிருந்த தமிழ் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் பொருள் எழுதி அனுப்பினேன். போய், நின்றோம், நாங்கள். அவருக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. 2013-14 குளிர்காலத்தில் சதுக்கத்துக்குப் போனவர்கள் இன்றும் ‘போராடினோம்’, ‘கலந்துகொண்டோம்’ என்பதைவிட அதிகம் சொல்வது ‘ஸ்தொயாலி நா மைதானி’ என்பதாம். மைதானில் நின்றோம். ஒருவர் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள ‘நீ நின்றாயா?’ என்று கேட்டால் போதுமாம். எனவே உக்ரேனியக் கட்டுரையில் பொகவந்தலாவைப் பெண்கள் நிற்கிறார்கள். தலைப்பிலும் நிற்கிறார்கள். ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு இரண்டு மொழிகள் நேரே சந்தித்த இடம் அது.

‘துரை’ மட்டும் பாக்கி இருந்தது. ஆங்கிலக் கட்டுரையில் ‘மேனேஜர்’. ஒலிப்பதிவில் ‘தொரை’. மேனேஜர் என்றால் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒருவர், தொரை என்றால் வேறு என்று விளக்க முயன்றேன். வெள்ளைக்காரன் போய் எத்தனையோ காலம் ஆகியும், இப்போது இருப்பவர் நம்மைப்போல ஒருவராகவே இருந்தாலும், பங்களாவில் இருப்பவர் தொரைதான் என்றேன். மரியாதைக்கு எல்லோரையும் அழைக்கும் சொல்லாகவும், பழைய காலத்தில் நிலத்துக்கும் அதில் உழைத்த ஆட்களுக்கும் சொந்தக்காரனைக் குறித்த சொல்லாகவும் ஒன்றே தங்களிடம் இருக்கிறது என்றார். ‘பான்’. அதையே போட்டிருக்கிறார்.